கூரை தருதலும் அபயதானமே



இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தளித்த தானங்கள் நான்கு. உணவு, மருந்து, கல்வி, அபயம் என்பன அவை. முதல் மூன்றனையும் நாம் நன்கறிவோம். திருவிழாக்களில் அன்னம் அளிக்கின்றோம். பிணியுற்றோர்க்கு மருந்துக்குப் பொருள் தருகின்றோம். அறநூல்களை அச்சிட்டு வழங்குகின்றோம். நான்காவதாகிய அபயதானத்தை மட்டும் ‘கொல்லாமை’ என்ற அளவிலேயே நிறுத்திவிடுகின்றோம். அபயம் என்பதற்கு அச்சமின்மை என்பது பொருள். பிறவுயிரை அச்சுறுத்தாதிருத்தல் அதன் ஒரு பாதி. அஞ்சி நிற்கும் உயிரின் அச்சத்தை நீக்குதல் அதன் மறு பாதி.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கி.மீ. வேகத்திற்கும் மேலாக வீசிய காற்று நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சிதைத்தது. 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மல்லிநாதர் ஜினாலயம் விளங்கும் மன்னார்குடியும், தொன்மையான ஜினாலயத்தையுடைய தீபங்குடியும் அந்நிலப்பரப்பிலேயே உள்ளன.

தோப்பில் கூலி வேலை செய்து, அத்தோப்பின் கீற்றாலேயே குடிசை வேய்ந்திருந்த ஏழையின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீடு போயிற்று, அதனை மீண்டும் வேயக் கீற்றும் இல்லை, கீற்று வாங்கக் கூலியும் இல்லை. புதிய தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளேனும் செல்லும். முதல் சில வாரங்களில் உணவும் உடையும் மெழுகுவத்தியும் பல ஊர்களிலிருந்து வந்து குவிந்தன. அது போற்றத்தக்கதே. ஆயினும் உணவுப் பொட்டலம் ஒரு வேளைப் பசியைத்தான் நீக்கும். தார்ப்பாயின் கீழ்க் குழந்தையை அணைத்துக்கொண்டு, வானம் கறுக்குந்தோறும் நடுங்கும் தாயின் அச்சத்தை அது நீக்காது. அவ்வச்சத்தை நீக்குவது கூரை ஒன்றே.

விஷ்ணுகுமார முனிவரின் வரலாற்றை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கின்றோம். அத்தினாபுரத்தில் அகம்பனாசாரியரையும் அவருடன் இருந்த முனிவர் எழுநூற்றுவரையும் சூழ்ந்து பலி என்பவன் தீ மூட்டியபோது, விஷ்ணுகுமாரர் தம் தவநிலையையும் சற்றே ஒதுக்கிவைத்துக் குறளுருவம் கொண்டு சென்று அவர்களைக் காத்தார். பின்னர் அதற்குரிய கழுவாயும் ஏற்றார். இவ்வரலாற்றின் இறுதிப் பகுதியை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். புகையினால் தொண்டை புண்ணாகியிருந்த அம்முனிவர்களுக்கு அவ்வூர்ச் சிராவகர்கள் எளிதில் விழுங்கத்தக்க மென்மையான உணவையே ஆகாரமாக அளித்தனர். தம்மிடம் இருப்பது எது என்று அவர்கள் பார்க்கவில்லை. பெறுவோரின் புண் எங்கே உள்ளது என்று பார்த்தனர். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஒன்றான வாத்ஸல்யம் இதுவே. புயலில் வீழ்ந்தோரின் புண், கூரையில் உள்ளது.

இங்கே நம் குடும்பங்களில் ஓர் ஐயம் எழுவதுண்டு. “வீடு கட்டுதல் மண்ணைத் தோண்டி மரத்தை அறுக்கும் செயல், அதில் சிற்றுயிர்கள் மாயுமே! வலியச் சென்று அதில் ஈடுபட்டால் வினை வந்து சேராதா?” என்பர். ஐயம் நேர்மையானதே, விடை காண வேண்டியதே.

இம்சையை நம் முன்னோர் நால்வகையாகப் பகுத்தனர். கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் துறத்தல் வேண்டும். வீட்டுவேலை, தொழில், தற்காப்பு ஆகியவற்றில் நேரும் ஏனைய மூன்றனையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும். நம் வீட்டிற்குக் கடைக்கால் தோண்டும்போது நாம் நல்ல நாள் பார்க்கின்றோம், இவ்வினாவை எழுப்புவதில்லை. அன்று எழாத ஐயம் அயலார் வீட்டிற்குத் தோண்டும்போது மட்டும் எழுமாயின், அது அகிம்சையிற் பிறந்ததா, சோம்பலிற் பிறந்ததா என்று ஒவ்வொருவரும் தம்மையே வினவுதல் நலம்.

அன்றியும், அகிம்சையைக் கற்றவர் அங்கே செல்வதனால் நன்மை பெருகும். சரிந்த கீற்றின் அடியில் தவளையும் தேளும் பாம்பும் ஒதுங்கியிருக்கும். அவற்றை அடித்துக் கொல்வதே வழக்கம். ஒரு புறமாக மெல்லத் தூக்கி, மறுபுறம் அவை வெளியேற வழிவிடும் பொறுமையை நம் பிள்ளைகள் பிறர்க்குக் காட்டலாம். வடிகட்டிய நீரையும், பொழுது சாயுமுன் உண்பதற்குரிய உணவையும் தாமே கொண்டு சென்றால், துன்புற்றோர்க்குச் சுமையாகவும் இரார், நோன்பும் வழுவாது.

அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். புயற்காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதோடு நில்லாது, இறவாணத்தின் கீழ்ப் புகுந்து மேல்நோக்கித் தூக்கிப் பெயர்க்கின்றது. புயலின் கண் கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து வீசுகின்றது; முதற்காற்றைத் தாங்கிய வீடு இரண்டாம் காற்றில் வீழ்வது இதனால்தான். ஆகவே கால், விட்டம், கைமரம் மூன்றனையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைத்தல் வேண்டும். இறவாணத்தை வெளியே நெடிது நீட்டலாகாது. இருபுறச் சாய்வினும் நாற்புறச் சாய்வுடைய கூரை காற்றை நன்கு தாங்கும். இவற்றை அறிந்த உள்ளூர்க் கொத்தனாரின் சொற்படி நாம் சிற்றாளாக நின்று செங்கல் சுமத்தல் வேண்டும். படித்தவர் சிற்றாளாக நிற்கும்போது மானம் என்னும் கஷாயமும் சிறிது கரையும். வீட்டுக்குரியவரிடம், “உங்களுக்கு எது வேண்டும்?” என்று முதலில் கேளுங்கள். அவர் சாதியையும் சமயத்தையும் கேளாதீர்கள். கொடுத்ததைப் படமெடுத்துக் காட்டாதீர்கள்.

இது தொலைவிலுள்ளோர் துன்பமும் அன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. நம் சமுதாயத்தார் வழிவழியாக வாழும் ஊர்கள் பல அங்கேதான் உள்ளன. ஊறிய மண்சுவர் வீழும்போது அது எவர் வீடு என்று பார்ப்பதில்லை.

ஆகவே நம் ஒவ்வோர் ஊரிலும், ஜினாலயத்தை நடுவாகக் கொண்டு, பத்து இளைஞர்களேனும் கட்டட வேலையின் தொடக்கப் பாடத்தைக் கற்றிருக்கட்டும். பெண்கள் சமையலையும் கணக்கையும் குழந்தைகளின் படிப்பையும் ஏற்கட்டும். முதியோர் பொருள் தரட்டும். பெருங்கூட்டம் உதவும் முதல் வாரத்தைவிட, அனைவரும் மறந்துவிடும் மூன்றாம் மாதத்தில் நம்மவர் செல்லட்டும். ஒரு வீட்டைத் தொடங்கினால் கூரை ஏறும்வரை திரும்பாதிருக்கட்டும்.

உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாய் நிற்றலே உயிரின் இயல்பு என்பது நம் தத்துவம். அதனை நாவால் ஓதுவது எளிது, கையால் ஓதுவோமாக.

வாழ்க ஜினதர்மம்! எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க!