வேண்டாதவரின் வலி

பிறர் துன்பத்துக்கு இரங்குபவருக்குத் தம் உடம்பின் வலியும் கூடுமா? கூடும் என்கிறது, மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஒரு நடிகரின் பேட்டியைக் காட்டி, சிலருக்கு அவர்மீது பரிவு வரவும் சிலருக்குப் பரிவு குறையவும் செய்தார்கள். பிறகு எல்லோரின் தோலிலும் சூடு பட வைத்தார்கள். பரிவு கொண்டவர்களுக்கே கூடுதலாக வலித்தது. அந்த நடிகர் வலியின்றி இருந்த காட்சியைப் பார்த்தபோதும் அப்படித்தான். அதே பல்கலைக்கழகத்தில் 2006-இல் சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். கூண்டில் உடன் வாழும் எலி வேதனைப்படுவதைக் கண்ட எலிக்கு வலி கூடியது. முன்பின் அறியாத எலியைக் கண்டபோது கூடவில்லை. ஆக, இரக்கம் வலியைக் கூட்டுகிறது. ஆனால் ஆள் பார்த்துத்தான் கூட்டுகிறது. வேண்டாதவரின் வலி எப்படி எட்டும்? எந்தச் சமயமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது.

பட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்போம். நாட்டுப் பிரிவினை நேர்ந்த 1947-இன் டெல்லி அதைப் பொய்யாக்கியது. மேற்குப் பஞ்சாபில் வீட்டையும் உறவையும் இழந்து வந்த இந்து, சீக்கிய அகதிகள் முஸ்லிம்கள் விட்டுப்போன வீடுகளிலும் மசூதிகளிலும்கூடத் தங்கினார்கள். விரட்டப்பட்ட முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் முடங்கினார்கள். இருவருக்கும் நேர்ந்தது ஒன்றே. ஆனாலும் ஒருவர் துயரம் மற்றவரை எட்டவில்லை. (டெல்லிக் குளிரில் கூரையின்றி நின்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.) 1948 ஜனவரி 13 அன்று, 78 வயதுக் காந்தி பிர்லா மாளிகையில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஊருக்கு வேண்டாதவர்களாகிவிட்டவர்களின் வலியை, ஊருக்கு வேண்டிய ஒருவர் தம் உடம்பில் ஏற்றுக்கொண்டார். 18ஆம் தேதி பல தரப்புத் தலைவர்களும் உறுதிமொழி தந்தார்கள்: மசூதிகள் திருப்பித் தரப்படும், மெஹ்ரௌலியில் குவாஜா குத்புதீன் தர்காவின் உருஸ் விழா வழக்கம்போல நடக்கும்.

இது மிரட்டல்தானே, காந்தி இறந்துவிடுவாரே என்ற அச்சத்தில் பணிந்ததை இரக்கம் என்பதா என்று கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் காந்தி சாகட்டும் என்று அந்த மாளிகைக்கு வெளியே கோஷமிட்டவர்களும் இருந்தார்கள். அன்பில்லாத இடத்தில் அந்த மிரட்டல் செல்லவே இல்லை. அன்புள்ளவர்களிடம் மட்டுமே சென்றது என்றால், அது வேலை செய்த வழி அச்சம் மட்டும் அல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: எல்லோர் வலியையும் ஏற்றால் மனிதன் உடைந்துபோவான், மரத்துப்போவதே தற்காப்பு. பௌத்த நூலான விசுத்திமார்க்கத்தை எழுதிய புத்தகோசர் இதை அறிந்திருந்தார். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை என்றவர், அருகிலிருக்கும் பகை துக்கமே என்றார். நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு பிறர் துயரை உள்வாங்க மட்டும் பயிற்சி தந்தபோது, பழகியவர்களின் மனவேதனை கூடியது. பிறகு கருணைப் பயிற்சி தந்தபோது அது தணிந்தது. உள்ளே சுழலும் துக்கத்துக்கு மருந்து உணர்வை மழுக்குவது அல்ல, அதற்கு ஒரு வேலை தருவது. காந்தி மசூதிகளின் பெயரால், ஓர் உருஸின் பெயரால் கேட்டது அத்தகைய வேலையைத்தான்.

ஜனவரி 20 அன்று அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடிக்க வைத்த மதன்லால் பாவாவும் பஞ்சாபிலிருந்து வந்த அகதியே. அவரைப் போன்றவர்களுக்குக் காந்தி வேண்டியவர் அல்ல. அவர்கள் நேசித்த ஒரு சீக்கியக் கிரந்தியோ பூசாரியோ சொந்தத் தாயோ எதிர்வீட்டு முஸ்லிமின் வலியைத் தன் வலியாக ஏற்றுப் பேசியிருக்க வேண்டும். அப்படிப் பேசியவர்கள் அன்றைய டெல்லியில் போதவில்லை.