எலுமிச்சை யாருடையது?

ஒருவருடைய ரசனை அவருடையதுதானா? வீட்டு அலங்காரம் மாதிரி ஒரு சின்ன விஷயத்தை வைத்து இதைக் கேட்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் தினமும் கண்விழித்ததும் பார்க்கிற சுவரையே நான் தீர்மானிக்கவில்லை என்றால், வேறு எதைத் தீர்மானிக்கிறேன்?

இருபத்து மூன்று வயதில் எனக்கு ஒழுங்காக நிரல் எழுதவும் புத்தகம் படிக்கவும் சொல்லிக்கொடுத்தவர் ஒரே ஆள். அவர் வீட்டுக் கூடத்தில் டிவி கிடையாது. வெள்ளைச் சுவர். இடுப்புயரப் புத்தக அலமாரி, ஒரு கோரைப்பாய், ஜன்னலோரம் ஒரு பித்தளைச் சொம்பு. அவ்வளவுதான். இன்று என் வீட்டுக் கூடமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. அவர் வீட்டை அளவெடுத்துச் செய்ததல்ல. ஒவ்வொரு பொருள் வாங்கும்போதும் ‘இது சரி, இது வேண்டாம்’ என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் அவருடையது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் 1961இல் வெளியான தன் நூலில், ஆசை நேர்கோடு அல்ல, முக்கோணம் என்றார். நான், நான் விரும்பும் பொருள், இடையில் நான் வியக்கும் ஒருவர். அவர் வழியாகத்தான் பொருள்மேல் எனக்கு ஆசை வருகிறது. இதை ஒப்புக்கொண்டால் ‘என் ரசனை’ என்று மிஞ்சுவது என்ன?

கேம்பிரிட்ஜில் உள்ள கெட்டில்ஸ் யார்ட் என்ற வீட்டை வைத்து இதை யோசிக்கலாம். லண்டன் டேட் கேலரியில் பணியாற்றிய ஜிம் ஈட், 1950களின் இறுதியில் நான்கு பழைய சிறு வீடுகளை ஒன்றாக்கி அங்கே குடியேறினார். பிற்பகல்களில் மாணவர்களுக்கு வீடு திறந்திருக்கும். ஓவியங்களுக்குப் பக்கத்திலேயே கூழாங்கற்கள், ஓடுகள், செடிகள். மாணவர்கள் தங்கள் அறைச் சுவரில் மாட்டிக்கொள்ள அசல் ஓவியங்களையே இரவல் கொடுத்தார். அவருக்கும் முன்னோடிகள் உண்டு. கலையையும் அன்றாடத்தையும் பிரிக்காமல் வாழ்வதை ஓவியர்களான பென், வினிஃப்ரெட் நிக்கல்சன் தம்பதியிடமிருந்து கற்றார். 1966இல் வீட்டைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

அங்கே மீரோவின் ஓவியம் ஒன்றில் ஒரு மஞ்சள் புள்ளி உண்டு. அதற்கு எதிரொலிபோல ஈயத்தட்டு ஒன்றில் ஒரு எலுமிச்சம்பழம். இன்றும் இருக்கிறது. பழம் வாடும், யாராவது மாற்றவேண்டும். ஆக அங்கே தொடர்வது பழம் அல்ல. மஞ்சளை மஞ்சளோடு சேர்த்துப் பார்த்த கண்.

குருவிடமிருந்து எடுப்பதில் இரண்டு வகை உண்டு என்று அதிலிருந்து புரிந்துகொள்கிறேன். பொருளை எடுப்பது ஒன்று, பார்வையை எடுப்பது இன்னொன்று. ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு நிரலை ஃபோர்க் செய்வதில் தவறே இல்லை. அதன்பிறகு ஒரு வரிகூட மாற்றாமல் வைத்திருந்தால் அது வெறும் நகல். இன்ஸ்டாகிராமில் பார்த்து வாங்கும் விளக்குக்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான்: படத்தில் பொருள் மட்டும் வருகிறது, அது ஏன் அங்கே இருக்கிறது என்ற காரணம் வருவதில்லை.

ஆனால் பார்வையை எடுத்துக்கொண்டதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. வீடு ஒருவருடையது அல்ல. கெட்டில்ஸ் யார்டில் ஜிம்மின் மனைவி ஹெலனும்தான் வாழ்ந்தார். கதையில் ஜிம்தான் முன்னே நிற்கிறார். என் மனைவி ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள், “இது உங்க சார் வீடு. நம்ம வீடு எப்பங்க வரும்?” அவளிடம் ஒரு கண்ணாடி ஷோகேஸ் இருக்கிறது. தலையாட்டி பொம்மை, கொலு செட்டில் மிஞ்சிய ஒற்றைச் செட்டியார், பள்ளிக்கூட ஷீல்டுகள். என் சார் வீட்டுக் கண்ணுக்கு அது கூட்டம். அவள் பாட்டி வீட்டுக் கண்ணுக்கு அது ஆட்கள் இருக்கிற வீடு. அவளுக்கும் ஒரு முக்கோணம் உண்டு. அதன் நடுவில் நிற்பவரை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நன்றிக்கடன் என்னுடையது. அதற்கு அவள் சுவரைக் கொடுக்கவேண்டியதில்லை. சார் எனக்குப் பார்க்கத்தான் கற்றுக்கொடுத்தார் என்றால், அந்தக் கல்விக்கான பரீட்சை வெள்ளைச் சுவரில் இல்லை. அந்தச் செட்டியாரை என்னால் பார்க்கமுடிகிறதா என்பதில்தான் இருக்கிறது.