வேம்புங் கத்தரியும்



திருவருள் ஒன்றே; அதனைப் பெறும் உயிர்களோ பல. அருள் ஒன்றாயிருப்ப உயிர்கள் எய்தும் பயன் வேறுபடுதல் என்னை என்னும் வினாவிற்கு, பக்குவ வேறுபாடே காரணம் என நம் ஆசிரியன்மார் விடை கூறியருளினர். இவ்விடையினை யாம் பன்முறை ஓதியும் ஓதுவித்தும் உள்ளேம். ஆயினும் அதன் பொருளை எம் நெஞ்சிற் பதியவைத்தது நூலன்று. புதுமடத்துக் கடற்கரையை அடுத்த மணற்றோட்டம் ஒன்றில் யாம் வளர்த்த வேப்பங்கன்றும் சில கத்தரிச் செடிகளுமேயாம்.

புதுமடம் மன்னார்க் குடாக்கடலின் கரையில் உள்ள ஊர். ஐப்பசி கார்த்திகைகளிற் பெய்யும் வடகீழ்ப் பருவமழையே அப்பக்கத்திற்கு ஆண்டின் பெருமழை. அந்நீர் மணலினூடே இறங்கி, கீழே ஊறிக்கிடக்கும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். நன்னீர் உவர்நீரினும் நொய்தாகலின் என்க. கடலை அடுத்த மணலிற் சிறிது தோண்டிய அளவில் நன்னீர் சுரத்தலும், அளவிறந்து இறைத்தவழி அக்கிணறே உவர்த்தலும் இதனால் நிகழ்வனவாம். ஆகலின், எதற்கு எவ்வளவு நீர், எப்பொழுது என்பதே அங்குத் தோட்டமிடுவார்க்கு முதல் வினாவாகும்.

கத்தரியின் இயல்பை முதற்கண் நோக்குவாம். அதன் விதையை நன்கு உலர்த்திக் காப்பின் அடுத்த ஆண்டினும் விதைக்கலாம். நாற்றங்காலில் ஏறத்தாழ 30 நாள் வளர்த்து, வெயில் தாழ்ந்த மாலைப்பொழுதிற் பிடுங்கி நடுதல் வேண்டும். நட்ட மூன்று நான்கு நாள் பனையோலை நிழல் வேண்டும். வேர் பிடித்தபின் அந்நிழலே அதற்குப் பகையாம். வெயில் காணாத கத்தரி நெட்டையாய் ஓடி, இலை காட்டுமேயன்றிக் காய் காட்டாது. அதன் வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரந்து நிற்றலானும், மணல் நீரைத் தேக்கிவையாமையானும், கோடையில் நாள்தோறும் நீர் வேண்டும். கண்மாய் வண்டலும் ஆட்டெருவும் சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் வேண்டும். இவ்வாறு பேணின் நட்ட இரண்டு திங்களளவிற் காய் தரும். சில திங்களில் அதன் வாழ்வு முடியும்; முடியுமளவும் தோட்டக்காரன் கை அதனை விட்டு நீங்குதல் கூடாது.

இனி வேம்பினை நோக்குவாம். ஆனி ஆடிகளில் உதிரும் வேப்பம்பழத்தின் விதை சில கிழமைகளில் முளைக்கும் ஆற்றலை இழக்கும். ஆகலின் அதனைப் பிற்றைக்கு என வைத்திருத்தல் ஆகாது. கன்றிற்கு முதல் இரண்டு மூன்று கோடைகளிற் காப்பு வேண்டும்; ஆடு மேயாமைக்கு முள்வேலி வேண்டும். நீரும் வேண்டும், ஆயின் நாள்தோறும் சிறிதாக அன்று. சில நாட்கு ஒருமுறை, ஆழ ஊறும்படி விடுத்து, இடையில் மேல்மண் உலர விடுதல் வேண்டும். வேர் ஈரமுள்ள வழியே செல்லும். ஈரம் ஆழத்தில் நிற்பின் வேரும் ஆழத்திற்குச் செல்லும். மரம் வளருந்தோறும் வட்டப்பாத்தியைத் தூரினின்று அகற்றிக்கொண்டே போதல் வேண்டும். பின்னர்த் தோட்டக்காரன் செய்யத்தக்கது, அதனைத் தன்போக்கில் விட்டிருத்தலே. நூறாண்டினும் மிக்கு நிற்கவல்லது அம்மரம்.

இவையெல்லாம் யாம் பிழைசெய்தே கற்றவை. முதற்கண் இரண்டிற்கும் ஒரே குடத்தால், ஒரே அளவில், நாள்தோறும் நீர் விட்டேம். கத்தரி காய்த்தது, வேம்பும் தழைத்தது. எம் முயற்சி நன்றெனக் களித்தேம். 1964 டிசம்பர் 22 இரவில் தனுக்கோடியை அழித்த புயலினைக் கண்ட கடற்பகுதி அது. அத்தகைய புயலும் வேண்டாதாயிற்று. மூன்றாம் ஆண்டுக் கார்த்திகையில் ஒரு நாள் இரவு வீசிய காற்றிலேயே வேம்பு வேரொடு சாய்ந்தது. வேரெல்லாம் ஒரு பாய் விரித்தாற்போல மேல்மண்ணிற் கிடந்தன; கீழிறங்கிற்றில்லை. நாள்தோறும் மேலே நீர் கிடைத்த கன்று கீழே செல்ல வேண்டியது என்னை? அப்பாடத்தைக் கற்ற யாம், அடுத்து நட்ட கத்தரிக்கும் 'ஆழமாக, அரிதாக' என்னும் அவ்விதியையே கொண்டேம். வைகாசி வெயிலில் நான்கு நாளில் அவை கரிந்தன. ஒன்றிற் கற்ற விதியை மற்றொன்றன்மேல் ஏற்றிய பிழை அது.

தோட்டத்துப் பிழை அவ்வளவில் ஒழிந்திருப்பின் இவ்வுரை வேண்டா. யாம் அதனை மக்களிடத்தும் செய்தேம்.

சாத்திரம் கற்க வந்த மாணவர் ஒருவர்க்கு யாம் நாள்தோறும் பொருளை வாரி ஊட்டினேம். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள் கேட்டல் ஒன்றே நிகழ்ந்தது. சிந்தித்தற்கு வேண்டிய இடைவெளியை யாம் விட்டிலேம். ஐயம் தோன்றுமுன்னரே விடை கூறினேம். அவர் சூத்திரமும் உரையும் தடையின்றி ஒப்புவித்தார், யாமும் மகிழ்ந்தேம். பின்னர்த் தந்தையாரை இழந்த துயரில், ஓதியவற்றுள் ஒன்றேனும் அவர்க்கு ஊன்றுகோலாகவில்லை.

மற்றொருவர், திருக்கோயிலுக்கு நாள்தோறும் பூத்தொடுத்துவந்த மூதாட்டியார். அவர் எம்மை அணுகி மேல்நிலை யாதென வினவியபொழுது, சரியை கீழ்ப்படியே எனவும், புறத்தொழிலை விட்டு அகத்தே நிற்க எனவும் கூறினேம். எம் சொல்லைப் பெரிதாக மதித்து அவர் தொண்டினைக் கைவிட்டார். ஓராண்டு கழித்துக் கண்டபொழுது, "பூவும் கைவிட்டுப் போயிற்று, நீங்கள் சொன்னதும் வந்து சேரவில்லை, சாமி" என்றார். அச்சொல்லில் வெகுளி இல்லை. ஆகலின் அது மிகச் சுட்டது. மறுநாட் காலையில் நாரும் பூவும் கொண்டுசென்று அவர்முன் வைத்து வணங்கினேம். அவர் ஒன்றும் கூறாது வாங்கிக்கொண்டார்.

மழை வேம்பின்மேலும் கத்தரிமேலும் ஒப்பப் பெய்கின்றது, திருவருளும் அத்தகையதே. குடத்து நீர் அத்தகையதன்று. அதனை முகப்பவன் அளவறிந்து விடுதல் வேண்டும். ஆசிரியன் உபதேசம் குடத்து நீராம். சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்றும், அவற்றிற்கேற்பச் சரியை முதலிய நான்கும் கூடும் என்றும் நூல்கள் வகுத்தது, உயிர்களை உயர்வு தாழ்வு கூறிப் பிரித்தற்கன்று. யார்க்கு எதனை எப்பொழுது விடுதல் என ஆசிரியன் அறிதற்கேயாம்.

அற்றேல், கத்தரி ஒருகாலும் வேம்பாகாது. சரியையில் நின்ற உயிரோ ஞானம் எய்தும். ஆகலின் உவமை பொருந்தாதெனின், அறியாது கூறினாய். இஃது ஒருபுடை உவமை. நீர் விடும் முறைக்கே இதனைக் கொள்க. எய்தும் முடிபிற்குக் கொள்ளற்க. படிமுறை வளர்ச்சிக்கு உவமை வேண்டுவார்க்கு, இராமநாதபுரத்திற் சமாதி கொண்டருளிய தாயுமானவர், நான்கு நெறிகளையும் ஒரு செடியின் அரும்பு முதற் கனியீறாகக் கண்டு கூறியதே அமையும்.

மேலும், இவ்விரண்டும் இருவேறு மாந்தர்க்கே உரியன என்றும் கருதற்க. ஒருவர் முற்றத்திலேயே இரண்டும் வளர்வன. நீறணிதல், ஐந்தெழுத்தோதல், கோயில் வழிபாடு ஆகியன நாள்தோறும் நீர் வேண்டுவன; ஒருவாரம் மறந்தாற் கரிவன. மெய்யுணர்வோ மெல்ல ஆழச்செல்வது. அதனை நாள்தோறும் தோண்டிப் பார்த்தல் ஆகாது. ஞானம் எய்தினார்க்கும் அடியார் கூட்டமும் ஆலய வழிபாடும் உரியவென்று சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரம் கூறுதலின், மரம் வளர்ந்தபின் தோட்டத்தை அழித்தல் நம் நெறியன்று.

இப்பகுதித் தலங்களே இதற்குச் சான்றாவன. இராமேச்சுரத்தைப் பாடிப் பரவிய அப்பரடிகள், பெரும்புலமை உடையராயிருந்தும் உழவாரப்படையைக் கைவிட்டாரல்லர். இலந்தையைத் தலமரமாகவுடைய திருவுத்தரகோசமங்கையில் நீத்தல் விண்ணப்பம் அருளிய மாணிக்கவாசகரை ஞானநெறிக்கு உரியவராக வைத்து வணங்குகின்றோம். ஒருவரைத் தொண்டிற்கும் ஒருவரை ஞானத்திற்கும் முன்வைத்த நம் முன்னோர், இருவரையும் ஒரே வரிசையில் எழுந்தருளச்செய்தே பூசை புரிகின்றனர்.

ஆகலின் மடங்களிற் கற்பிப்போர், தம்பால் வருவார்க்கு முதலிற் கூறவேண்டுவது யாது என எண்ணுமுன், அவர் இதுகாறும் நாள்தோறும் செய்துவருவது யாது எனக் கேட்டறிக, அதனை நிறுத்தற்க. கற்க வந்தார்க்கு ஒரு பொருளைக் கூறியபின் சின்னாள் வாளாவிருக்க. அவர் ஐயத்தோடு மீண்டு வருங்காறும் பொறுக்க. யாமும் சென்ற ஆடியில் வேப்பவித்தொன்றினைப் புதிதாக ஊன்றி, முள்வேலி கட்டியுள்ளேம். அப்பால் வெயில்படும் பாத்தியிற் கத்தரி நிற்கின்றது. காலையிற் குடம் எடுக்குந்தோறும், எதற்கு என்று ஒருமுறை நின்று எண்ணிய பின்னரே நீர் முகக்கின்றேம்.

திருச்சிற்றம்பலம்.