எரர் வந்தால் எழுந்து போகாதே!

“சோர்ஸ் கோடெல்லாம் பெரிய ஆட்கள் சமாச்சாரம்” என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நீ பயோடேட்டா தட்டுகிற லிப்ரே ஆபீஸின் மூலநிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது, தம்பி. வாசலில் காவலாளி இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. ஒரே ஒரு கிட் குளோன் கட்டளை, சில ஜிபி டேட்டா, அவ்வளவுதான். மொத்தமும் உன் லேப்டாப்புக்குள் வந்துவிடும். எந்தக் கல்லூரி, எத்தனை அரியர், தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா என்று அந்தக் கட்டளை கேட்பதில்லை. நீயாகத்தான் கேட்டுக்கொண்டு தயங்கி நிற்கிறாய்!

அடுத்து, பில்டுக்குத் தேவையானதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்டுவாய். அரை நிமிடம் என்னென்னவோ ஓடும். பிறகு பட்டென்று நிற்கும்: எரர். ஏதோ ஒரு பேக்கேஜ் இல்லையாம். பலர் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. “நமக்கு இது சரிப்பட்டு வராது” என்று லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். அட, அந்த எரர் உன் அறிவுக்கா மார்க் போட்டது? இன்னின்ன சாமான் இல்லை, வாங்கி வா என்று நீட்டிய மளிகைச் சீட்டு அது. வாங்கிப் போடு! உபுண்டுவில் ‘ஆப்ட் பில்ட்-டெப் லிப்ரேஆபீஸ்’ என்று அடித்தால், தேவையான பேக்கேஜுகளில் பெரும்பாலானவை ஒரே மூச்சில் வந்து இறங்கும். அதுவும் ‘டெப்-எஸ்ஆர்சி’ முகவரி இல்லை என்று முறைக்கலாம். மென்பொருள் மூலங்கள் அமைப்பில் சோர்ஸ் கோடுக்கான வரியை இயக்கிவிட்டு மறுபடி அடி. இதற்கெல்லாம் மேதைத்தனம் வேண்டாம், முறைப்பைச் சட்டை செய்யாத தோல் போதும்.

இனி நிரலைக் கம்பைல் செய்யும் ‘மேக்’ கட்டளை. பல லட்சம் வரி சி பிளஸ் பிளஸ். சாதாரண லேப்டாப்பில் முதல் பில்ட் பல மணி நேரம் இழுக்கும், மின்விசிறி அலறும். (கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துத் தொடங்கு.) ரேம் குறைவென்றால் நடுவழியில் ‘கில்டு’ என்று ஒற்றைச் சொல் வந்து விழும். செத்தது கம்பைலர்தான், நீயில்லை! ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை இரண்டாகக் குறைத்து மறுபடி ஓட்டு. முன்பே கம்பைல் ஆனதில் பெரும்பகுதியை மேக் திரும்பத் தொடாது, விட்ட இடத்திலிருந்து நடக்கும். ஒரு மென்பொருளுக்கே அந்தப் புத்தி இருக்கிறது. நீ மட்டும் ஏன் ஒவ்வொரு சறுக்கலுக்கும் பிறந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து அழுகிறாய்?

இன்னொன்று. எரரின் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கலங்காதே. ‘மேக்: எரர் 2’ என்பது ஒன்றையும் சொல்லாது. மேலே உருட்டிக்கொண்டே போ; முதலில் எங்கே தடுக்கியது என்று பார். நோய் அங்கேதான் இருக்கும்.

இந்த மென்பொருளும் லேசில் வளர்ந்துவிடவில்லை. ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸாகப் பிறந்தது. 1999-இல் சன் நிறுவனம் வாங்கியது, 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2010-இல் சன் ஆரக்கிளின் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் தன்னார்வலர்கள் தனியே பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினார்கள். நிரலெங்கும் ஜெர்மன் மொழிக் குறிப்புகள். புதிதாக வந்தவர்களில் பலர் அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றியே தங்கள் முதல் பேட்சை, அதாவது திருத்தத்தை, அனுப்பினார்கள். முதல் நாளே அல்காரிதம் எழுதி யாரும் உள்ளே போகவில்லை. இன்றும் புதியவர்களுக்கென்றே ‘ஈஸி ஹேக்ஸ்’ என்று சின்ன வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

உனக்கான சின்ன வேலை தமிழிலேயே இருக்கலாம். ஆட்டோஜென் அமைப்பில் ‘வித்-லேங்’ என்ற இடத்தில் தமிழுக்கான ‘டிஏ’ குறியீட்டைக் கொடு. பில்ட் முடிந்ததும் மெனுக்களைத் தமிழில் பார்க்கலாம். ‘கொ’ என்று தட்டினால் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் போய் அமர வேண்டும். அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல் செய்கிறது. 2017-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் அதைத்தான் நம்பியிருக்கிறது லிப்ரே ஆபீஸ். நாளை எங்கேனும் ஓர் எழுத்து உடைந்தால், தமிழ் தெரியாத நிபுணர் ஆயிரம் முறை பார்த்தாலும் கண்ணில் படாது. உனக்கு ஒரு பார்வை போதும். இந்தத் தகுதியை எந்தப் பட்டமும் தராது, தங்கச்சி. தமிழ் படிக்கத் தெரிந்த அன்றே அது உன்னிடம் வந்துவிட்டது!

திருத்தியதை, நிரலைப் பிறர் சரிபார்க்கும் தளமான கெரிட்டில் ஏற்று. யாரோ ஒருவர் மைனஸ் ஒன்று போடுவார். போடட்டும்! காரணத்தைப் படி, திருத்து, மறுபடி ஏற்று. அந்தத் தளத்தில் பல்லாண்டு அனுபவமுள்ளவர்களின் பேட்சுகளும் பெரும்பாலும் இதே வரிசையில் நின்றுதான் உள்ளே போகின்றன.

இன்றிரவே குளோன் கட்டளையை அடித்துவிட்டுப் படு. காலையில் ஆட்டோஜென்னை ஓட்டு. முதல் எரர் வரட்டும், உட்கார்ந்து படி.