தாராளம் யாருக்கு?

ஒரு சொல் நாவுக்குப் பழகிவிட்டால் அதன் பொருளை எவரும் கேட்பதில்லை. 'தாராளமயமாக்கல்' அத்தகைய சொல். 1991 ஜூலை 24 அன்று நடுவண் அரசு அறிவித்த புதிய தொழிற்கொள்கை, பட்டியலிட்ட 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றிற்கு உரிமம் பெறும் கட்டாயத்தை அகற்றியது. அதன்பின் இச்சொல் நம் ஏடுகளில் நிலைபெற்றது.

இதற்கு மூலமான ஆங்கிலச் சொல்லின் வேர், 'லீபெர்' என்னும் இலத்தீன் சொல். அடிமையல்லாதவன் என்பது அதன் பொருள். அத்தகையோனுக்குரிய ஈகைக் குணத்தையும் அவ்வேரே குறித்தது. தமிழாக்கம் விடுதலையை விட்டுவிட்டு ஈகையைப் பற்றிக்கொண்டது. ஆகவே, தாராளம் என்றதும் அள்ளி வழங்கும் கை நம் நினைவில் எழுகிறது. நடந்ததோ வழங்குதல் அன்று, கட்டுத் தளர்த்தல்.

கட்டுத் தளர்த்தல் தீதன்று. 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என இராஜாஜி சாடிய முறையில் தொழில் தொடங்க விழைந்தோர் அலுவலக வாயில்களில் காத்துக்கிடந்தனர். ஆயினும், எவருடைய கட்டு தளர்ந்தது என்று கேட்பது நம் கடமை.

அதே 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அக்காலத்தில் கல்லுடைக்கும் ஏழைப் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிக் குத்தகை வழங்கப்பட்டது. ஒப்பந்தக்காரரிடம் கூலிகளாய் இருந்தோர் உரிமம் பெற்றனர். எழுத்தும் கணக்கும் கற்றனர். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினர். இதனை எவரும் தாராளமயம் என்று அழைக்கவில்லை. ஆனால் 'லீபெர்' என்னும் வேருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் ஏது? அரசு விலகி நின்றதால் வந்த விடுதலை அன்று இது. எளியோர் பக்கம் வந்து நின்றதால் விளைந்தது.

அவ்வாண்டு மே முதல் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'நூறாம் ஆண்டு' என்னும் சுற்றுமடலும் முதலாளித்துவம் என்ற சொல்லை அப்படியே ஏற்கவோ தள்ளவோ இல்லை. பொருளாதாரச் சுதந்திரம் சட்ட வரம்புக்குள் நின்று மனிதனின் முழு விடுதலைக்குப் பணிபுரிகிறதா என்பதையே அது உரைகல்லாக வைத்தது.

அன்பர்களே, இச்சொல்லை இனிக் கேட்கும்போது புகழவும் வேண்டா, பழிக்கவும் வேண்டா. தளர்ந்தது எவர் கட்டு, இறுகியது எவர் கட்டு என்று மட்டும் கேட்போம். கல்லுடைக்கும் கைக்கு அதில் பங்கில்லையெனில், அதற்குத் தாராளம் என்னும் பெயர் தகாது.