கடல் கடந்த இறுதி ஆட்டம்

அயர்லாந்தின் கேலிக் கால்பந்து சாம்பியன் போட்டியில் அன்றெல்லாம் ஒருமுறை தோற்ற மாவட்ட அணி அந்த ஆண்டுக்கு வெளியேறிவிடும். அத்தகைய போட்டியின் 1947ஆம் ஆண்டு இறுதி ஆட்டம், வரலாற்றில் ஒரே ஒருமுறை, நாட்டுக்கு வெளியே நியூயார்க்கில் நடந்தது. பெரும்பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டான 1847இன் நூற்றாண்டு அது. பசிக்குத் தப்பிக் கப்பலேறியவர்களின் சந்ததியினர் திரளாக வாழ்ந்த நகரத்தைத் தேடி ஆட்டமே சென்றது, விளையாட்டு வரலாற்றில் அரிதான, மனம் நெகிழச் செய்யும் முடிவு.

செப்டம்பர் 14 அன்று, போலோ கிரவுண்ட்ஸ் என்ற பேஸ்பால் மைதானத்தில் கேவன், கெர்ரி மாவட்ட அணிகள் மோதின. பந்தெறிபவருக்கான மண்மேடுகூட அகற்றப்படவில்லை, வெயிலும் கடுமை. தொடக்கத்தில் கெர்ரியே முந்தியது. பிறகு பீட்டர் டோனஹோவின் துல்லியமான ஃப்ரீ கிக்குகள் கேவனை மீட்டன. கோல் ஒன்றுக்கு மூன்று புள்ளிகள் என்ற கணக்கில் கேவன் 17, கெர்ரி 13. ஜான் ஜோ ஓ'ரெய்லி தலைமையில் கேவன் கோப்பையை வென்றது.

தாயகம் முழுவதும் வானொலியருகே கூடியிருந்தது. ஒலிபரப்புத் தடத்துக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போகிறது, ஆட்டமோ முடியவில்லை. வர்ணனையாளர் மைக்கேல் ஓ'ஹெஹிர் இன்னும் ஐந்து நிமிடம் தாருங்கள் என்று நேரலையிலேயே மன்றாடினார். தடம் துண்டிக்கப்படவில்லை, முடிவு அயர்லாந்தை எட்டியது.