இருக்கையில் ஆள் இல்லை

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் இறங்குமுன், ஒன்றை உண்டென்றோ இல்லையென்றோ எதை வைத்துச் சொல்வது என்று கேட்டுவிட்டுத்தான் அருள்நந்தி சிவாச்சாரியார் மேலே போகிறார். 13-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய சிவஞான சித்தியாரில், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தின் முகப்பிலேயே அளவை, அதாவது அறியும் வழி, பற்றிய பகுதி வந்துவிடுகிறது. அளவை ஆறு என்பார் உண்டு, பத்து என்பார் உண்டு. எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று அவர் முடித்து வைக்கிறார். கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு ஊகித்து அறிவது, அறிந்தவர் சொல்லக் கேட்டு அறிவது.

தில்லி ஆர்.கே.புரத்தில் ஒரு பெரியவர் எங்கள் சிலருக்குச் சித்தியார் பாடம் சொன்னார். மற்றதெல்லாம் ஓரளவு மனதில் இறங்கியது. அபாவம், அதாவது இல்லாமை, என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். நிலத்தில் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? குடத்தைப் பார்க்கிறோம், சரி. குடம் இல்லாததைப் பார்க்கிறோமா? இல்லாத ஒன்று கண்ணில் எப்படிப் படும்? இதற்காக வேத விளக்கத் தத்துவவாதிகளான மீமாம்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். காணாமையே தனி அளவை என்றார் குமாரில பட்டர். தேவையில்லை என்றது பிரபாகரர் தரப்பு. இவ்வளவு பெரிய மனிதர்கள் ஒரு வெறும் தரையைப் பார்த்து ஏன் இப்படி மல்லுக்கட்டினார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. விளங்கியது ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வளாகத்தின் புல்வெளியில், ஒரு புல்வெட்டி வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது.

என் பிழைப்பு சின்ன எஞ்சின். பம்பு செட், ஜெனரேட்டர், புல்வெட்டி. தில்லியில் புல்வெட்டி என்றால் பெரும்பாலும் கையால் தள்ளுகிற மெஷின்தான். ஒரு காலத்தில் பெரிய புல்வெளிகளில் மாடு கட்டி இழுத்தார்கள். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி கால்ஃப் மைதானத்திலும் பெரிய வளாகங்களிலும்தான் இருக்கும். அதனால் அதன் நாடி தெரிந்த மிஸ்திரிகள் இங்கே குறைவு.

அந்த வளாகத்து வண்டியின் வியாதி இது. சாவி போட்டால் உடனே கிளம்பும், நின்ற இடத்தில் அழகாக ஓடும். மாலி (தோட்டக்காரர்) ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டதும் பட்டென்று அணைந்துவிடும். பிளேடு சுவிட்சை இழுத்தாலும் அப்படியே. எனக்கு முன்னால் வந்தவர் கார்புரேட்டரையே மாற்றியிருந்தார். வளாகத்துக்காரர்களுக்குச் செலவு ஆனதே தவிர வண்டி நகரவில்லை.

நான் முதலில் காதைத்தான் நம்புவேன். எஞ்சின் இரண்டு விதமாகச் சாகும். பிளேடு சுற்றும் கப்பியின் பேரிங் இறுகிப்போனாலோ, பெட்ரோல் போதாமல் போனாலோ, குரல் கம்மி, திணறி, உலுக்கிவிட்டு நிற்கும். பிளக்குக்குப் போகும் நெருப்பை யாராவது நிறுத்தினால் சாவியைத் திருப்பியது போலச் சத்தமில்லாமல் அறுந்துவிடும். இந்த வண்டி அறுந்தது. அந்த நொடியிலேயே கார்புரேட்டர் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டது. மணிமேகலையில் சமயக்கணக்கர் காதையில் கருத்தளவை மூன்று என்று வரும். காட்டுக்குள் பிளிறல் கேட்டு யானை உண்டென்று உணர்வது பொது. வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்தது என்பது எச்சம். கருமேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல். சத்தத்தை வைத்து நான் தீர்மானித்தது பொது. பிளேடு இருக்கும் தட்டுக்கு அடியில் கறுப்பு ரப்பர் தூள் கிடந்தால் பெல்ட் எங்கோ உரசியிருக்கிறது, இது எச்சம். எஞ்சினின் குளிர்விக்கும் இதழ்களுக்கு நடுவில் காய்ந்த புல் அடைத்திருந்தால், மே மாதத் தில்லி வெயிலில் இந்த எஞ்சின் சூடேறி இறுகப்போகிறது, இது முதல். மணிமேகலை எழுதிய சாத்தனார் ஒரு மிஸ்திரியை வைத்துக்கொண்டே எழுதினாரோ என்று தோன்றும்.

அடுத்தது உரை. மெஷினுக்கும் வேத புத்தகம் உண்டு. கம்பெனி அச்சடித்த வயரிங் படம். ஆனால் எந்த மெஷினுக்கு எந்தப் படம்? பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களின் உடம்பில் எண்கள் குத்தியிருக்கும். பெரிய எஞ்சின்களில் மாடல் எண் 28 என்று தொடங்கினால் 28 கன அங்குலம், ஏறக்குறைய 460 சிசி. கோட் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு தேதி. எஞ்சினுக்கு இது போதும். ஆனால் வயரிங் எஞ்சினைச் சேர்ந்தது அல்ல, வண்டியைச் சேர்ந்தது. வண்டியின் எண் இருக்கைக்குக் கீழே ஒட்டியிருக்கும். இந்த வண்டியில் அந்தச் சீட்டின் மேல் எண்ணெயும் மண்ணும் ஏறிக் கெட்டியாகியிருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் பொறுமையாகத் துடைத்தபோது எண் தெரிந்தது. முன்னால் வந்தவர் இதைத் துடைக்கவே இல்லை.

சீட்டைத் துடைக்கக் குனிந்தபோதுதான் மற்றதும் கண்ணில் பட்டது. இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்தால் அமுங்கும், எழுந்தால் மேலே வரும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் பிளேடு அவர் மேல் சுற்றக் கூடாது என்பதற்காக வைத்தது. பிரேக் போட்டு, பிளேடும் நிறுத்தியிருந்தால், ஆள் இல்லாமலும் எஞ்சின் ஓடும். பிரேக்கை விட்டாலோ பிளேடை இழுத்தாலோ, வண்டி உடனே இருக்கையைக் கேட்கும்: ஆள் உண்டா? இல்லையென்றால் எஞ்சினை அணைத்துவிடும். அந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதற்குப் போன இரண்டு கம்பிகளையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. சில மாடல்களில் ஆள் உட்கார்ந்தால் கம்பிகள் சேரும். எனக்கு முன்னால் வந்தவர் அந்தப் படத்தைப் பார்த்து, சேர்த்துக் கட்டினால் வண்டி ஏமாந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். இந்த மாடலோ நேர் எதிர். ஆள் இல்லாதபோதுதான் கம்பிகள் சேரும், சேர்ந்தால் நெருப்பு பிளக்குக்குப் போகாமல் எர்த்தில் இறங்கிவிடும். அவர் போட்ட முடிச்சு வண்டியிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது, இருக்கையில் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று. மேலே மாலி குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறார்.

முடிச்சை அவிழ்த்து, புது சுவிட்ச் வாங்கிப் போட்டு, அமுக்கியும் விட்டும் மீட்டரில் பார்த்தேன். வண்டி ஓடியது. மாலியை இறக்கிவிட்டு, பிளேடை நிறுத்தி, பிரேக்கை மட்டும் நான் கையால் விட்டேன். உடனே அணைந்தது. இந்த முறை அது சொன்ன "இல்லை" உண்மையான இல்லை.

இரண்டு "இல்லை"க்கும் என்ன வித்தியாசம்? எஞ்சினுக்கு வந்த செய்தி ஒன்றேதான். காட்டும் கருவி சரியாக இருக்கும்போது வந்த "இல்லை" அறிவு; கருவியே கெட்டிருக்கும்போது வந்த "இல்லை" வெறும் செய்தி. பழைய தர்க்கக்காரர்கள் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இருந்திருந்தால் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும் என்ற நிலையில் தெரியாமல் போனால்தான் இல்லை என்று சொல்லலாம். வெளிச்சத்தில் வெறும் தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் நின்று சொல்லக் கூடாது. வெறும் தரையைப் பார்த்து அவர்கள் மல்லுக்கட்டியது இதற்காகத்தான்.

இதை ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மீன் வரிசையில் நின்று ஒரு நண்பரிடம் சொன்னேன். மதுரைக்காரர், கறுப்புச் சட்டைக் குடும்பம், தங்கமான மனிதர். ஞாயிற்றுக்கிழமை சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழை இலைக்காக நான் போனால் அவர் வஞ்சிரத்துக்காக வருவார். "அண்ணே, கடவுளை யாரும் பார்த்ததில்லை. உங்க கணக்குப்படியே இல்லைன்னுதானே வருது?" என்றார். சொல்லிக்கொண்டே மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்தார். "தம்பி, இருந்தால் இப்படித் தெரியணும்னு உங்களுக்குச் செவுள் இருக்கு. கடவுள் இருந்தால் எங்கே, எதால தெரியணும்னு முதலில் சொல்லுங்க. அப்புறம் தெரியலைன்னு சொல்லலாம்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "சரிண்ணே. அப்போ உண்டுன்னு சொல்றவங்களும் அதையேதானே முதலில் சொல்லணும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட விரும்பவில்லை. அருள்நந்தியாரே, பிற கொள்கைகளை எடுத்து மறுக்கும் சித்தியாரின் பரபக்கத்தில், கடவுளை மறுக்கும் உலகாயதனைத்தான் முதலில் பேச விடுகிறார். அவன் கட்சியை எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கிறார். என் நண்பர் சொன்னது சரி. நான் நம்புகிறவன். ஆர்.கே.புரம் மலை மந்திர் கோயிலில் முருகன் முன்னால் நிற்கும்போது அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கம்பியை முறுக்கி "உண்டு" என்று காட்டவும் முடியும் என்பதை அந்த வண்டி எனக்குக் காட்டிவிட்டது. ஆள் உட்கார்ந்தால் கம்பிகள் சேருகிற மாடலில் இப்படி முறுக்கிவிட்டால், ஆள் இறங்கிப் போன பிறகும் ஆள் உண்டென்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். கூட்டமும் மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து கொடுக்கிற மெய்சிலிர்ப்பு அப்படி முறுக்கிய கம்பியாக இருக்கலாம். வேறொருவர் பக்குவத்துக்குச் சொன்ன உபதேசத்தை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதும் அதேதான். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவம் படி வைத்தது, உரை கேட்பவரைப் பொறுத்தது என்பதால்தான். எண்ணைத் துடைத்துப் பார்க்காமல் வயரிங் படத்தை நம்பியவரும் உரையை நம்பியவர்தானே. நூலில் பிழையில்லை, அது வேறு வண்டிக்கு எழுதிய நூல்.

ஆகவே என் தீர்ப்பு இது. காணாததால் இல்லை என்பவருக்கும், உணர்ந்ததால் உண்டு என்பவருக்கும் முதல் கடமை ஒன்றே: தன் கருவியைச் சோதித்துக்கொள்வது. அதைச் செய்தவர் எந்தப் பக்கம் நின்றாலும் அவரோடு நான் மணிக்கணக்கில் பேசத் தயார். செய்யாதவர் என் கட்சியே ஆனாலும் அவர் பேச்சு எனக்குச் சாட்சி ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புல்வெட்டி பிளேடின் நுனி வேகத்துக்கு அமெரிக்கத் தர விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அதன் மேல் உட்கார்ந்திருப்பவர் ஒரு மாலி. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. ஜுகாட் (ஒட்டுவேலை) என்று சொல்லி இருக்கை சுவிட்சைக் கட்டிப் போடுவதைத் தில்லியில் பல இடங்களில் பார்க்கிறேன். பள்ளியோ, விடுதியோ, அலுவலகமோ, உங்கள் பொறுப்பில் இப்படி ஒரு வண்டி இருந்தால் நாளைக் காலையே இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே முறுக்கிய கம்பி இருந்தால், சுவிட்சை மாற்றும்வரை வண்டியைக் கிளப்ப விடாதீர்கள்.